வெர்சேல்ஸ் அரண்மனையில் ஒரு போலந்து மகள்

வெர்சேல்ஸ் அரண்மனை திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை. இதை அறியாமல் பாரிஸ் மாநகரிலிருந்து ரயிலேறி, தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பயணம் செய்து, பொன்முலாம் பூசிய அந்தப் பெரிய வாயிற்கதவுகளின் முன்னே நாம் போய் நின்றது ஒரு திங்கட்கிழமை காலையில்தான். உடன் வந்த நண்பர் புதுச்சேரிக்காரர்; பாரிசில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆனவர். "மன்னிக்க வேண்டும் சுவாமி, எனக்காவது நினைவு வந்திருக்க வேண்டும்" என்று அவர் மிகவும் வருந்தினார். வருந்துவதற்கு ஒன்றுமில்லை, ஊரையாவது சுற்றிப் பார்ப்போம் என்று அவரைத் தேற்றி நடந்தோம். அந்த நடையில்தான் இக்கட்டுரைக்குரிய அரசியாரை நாம் சந்தித்தோம்.

அரண்மனையிலிருந்து சற்றுத் தொலைவில், அகன்ற சாலை ஒன்றின் ஓரத்தில், ஓஷ் என்னும் தளபதியின் பெயரால் ஒரு பெரிய உயர்நிலைப்பள்ளி உள்ளது. இடைவேளை நேரம், மாணவர்கள் வாயிலில் கூடிநின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தூண்களோடு கூடிய ஒரு சிற்றாலயத்தின் முகப்புத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குள் இவ்வளவு அழகிய ஆலயமா என்று வியந்தோம். "இது முன்னாளில் கன்னியர் மடம் சுவாமி, 'அரசியாரின் மடம்' என்றே பெயர்" என்றார் நண்பர். எந்த அரசி என்று கேட்டதற்கு, "வேறு யார், மரி அந்துவானெத்தாகத்தான் இருக்கும்" என்றார். நாய்க்குட்டியோடு அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் அப்பெயரைக் கேட்டதும் நின்றார். "அல்ல ஐயா, அவர் அல்லர், அவருக்கு முந்தியவர், போலந்துக்காரி" என்று திருத்திவிட்டுப் போனார்.

வெர்சேல்ஸ் அரசி என்றால் உலகம் நினைப்பது தலை வெட்டுண்ட மரி அந்துவானெத்தை மட்டுமே. அவருக்கு முன் அதே அறைகளில் ஏறத்தாழ 43 ஆண்டுகள் வாழ்ந்து, பிரெஞ்சு அரசியர் எல்லாரினும் நீண்ட காலம் அரசியாயிருந்த மரியா லெஷ்சின்ஸ்காவை யாரும் கேட்பதில்லை. கொலைக்களம் கண்டவரைச் சரித்திரம் மறப்பதில்லை. படுக்கையில் இறந்தவரை எளிதில் மறந்துவிடுகிறது.

மரியா 1703-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் சிலேசியா நாட்டிலே பிறந்தார். தந்தை ஸ்தனிஸ்லாஸ் லெஷ்சின்ஸ்கி. (நம் ஊர்களில் தனிஸ்லாஸ் என்று நாம் அழைக்கும் அதே பெயர்தான்.) சுவீடன் மன்னரின் படைபலத்தால் 1704-இல் போலந்தின் அரசராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர், அந்தப் படை 1709-இல் போல்தாவா என்னுமிடத்தில் தோற்றதும் அரியணையை இழந்தார். அன்றுமுதல் குடும்பம் ஓட்டத்திலேயே இருந்தது. சுவீடன், அதன் பின் ஜெர்மன் நாட்டுச் சிற்றூர்கள், இறுதியில் அல்சாஸ் பகுதியில் விசம்பூர் என்னும் சிறு நகரில் பிரெஞ்சு அரசின் தயவில் ஒரு வீடு. ஓடுகிற அவசரத்தில் கைக்குழந்தையான மரியாவை எங்கேயோ விட்டுவிட்டு, பிறகு ஒரு குதிரைத் தொட்டியில் கண்டெடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. மூத்த சகோதரி அன்னாள் 1717-இல் இறந்துபோனார். சீதனத்துக்கு வழியில்லாத ஏழை அரசகுமாரியாக, தையலும் செபமும் மொழிகளும் கற்று வளர்ந்தார் மரியா.

அக்காலத்தில் பிரான்சின் சிறுவன்-அரசர் பதினைந்தாம் லூயிக்கு ஸ்பெயின் அரசகுமாரி ஒருத்தி நிச்சயிக்கப்பட்டு, அரண்மனைக்கே வந்து வளர்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது 7. 1725-இல் அரசர் நோயுற்றதும் மந்திரிகள் அஞ்சினர். அந்தக் குழந்தை பருவமெய்தி வாரிசு பெறும்வரை யார் காத்திருப்பது? அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஐரோப்பாவிலுள்ள மணமாகாத இளவரசிகள் ஏறத்தாழ நூறு பேரின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். எஞ்சியவர் விசம்பூரின் ஏழைப் பெண். கத்தோலிக்கர், உடல்நலமுள்ளவர், பின்னணியில் பேசுவதற்கு எந்தப் பெரிய அரசும் இல்லாதவர். இந்தக் கடைசித் தகுதியே மந்திரிகளுக்கு மிகவும் பிடித்திருந்தது என்பது நம் எண்ணம்.

1725 ஆகஸ்டு 15, தேவமாதா விண்ணேற்புத் திருநாள். ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் ஓர்லியான் கோமகன் அரசருக்குப் பதிலாள் நின்று மரியாவுக்குத் திருமணம் நடந்தது. செப்டம்பர் 5-ஆம் நாள் ஃபோந்தேன்புளோ அரண்மனையில் மாப்பிள்ளையே வந்து கைப்பிடித்தார். மணமகளுக்கு வயது 22, மணமகனுக்கு 15.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அரண்மனைக்குள் நுழைந்தோம். கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போயிற்று. கண்ணாடி மண்டபத்தைத் தாண்டி அரசியின் அறைகளுக்கு வந்தால், முதலில் வருவது படுக்கையறை. மூன்றாண்டு வேலைக்குப் பின் 2019-இல் மீண்டும் திறக்கப்பட்ட பகுதி இது. பட்டுத் திரைகளும் கட்டிலும் மரி அந்துவானெத் காலத்து அமைப்பில் உள்ளன. வழிகாட்டிகள் எல்லாரும் கட்டிலின் இடப்புறச் சுவரில் மறைந்திருக்கும் சிறு கதவையே காட்டினார்கள். 1789 அக்டோபரில் கலகக்காரர் புகுந்தபோது அந்த அரசி தப்பியோடிய வழி அது. எல்லாத் தலைகளும் அப்பக்கம் திரும்பின. நாம் மேலே பார்த்தோம். விதானத்தின் நான்கு மூலைகளிலும் பூஷே என்னும் ஓவியர் 1735-இல் மரியா அரசியாருக்காகச் சாம்பல் வண்ணத்தில் தீட்டிய நான்கு உருவங்கள்: பிறரன்பு, வளமை, பிரமாணிக்கம், விவேகம்.

பிரமாணிக்கம்! நம் திருமண மந்திரத்தில் மணமக்கள் உச்சரிக்கும் அதே சொல். அதைக் கட்டிலுக்கு மேலே எழுதி வைத்தார்கள். எழுதிய ஓவியரோ பின்னாளில் அரசருடைய ஆசைநாயகியின் விருப்பத்துக்குரிய ஓவியரானார்.

இந்த அறையில் அரச குழந்தைகள் 19 பேர் பிறந்திருக்கிறார்கள். பிறப்பு என்றால் நாம் நினைப்பது போலன்று. குழந்தை மாற்றப்படவில்லை என்பதற்குச் சாட்சியாக அரண்மனைப் பெருமக்கள் சூழ்ந்து நிற்க அரசி பிரசவிக்க வேண்டும். 1727-க்கும் 1737-க்கும் இடையே மரியா பத்துக் குழந்தைகளைப் பெற்றார். எட்டுப் பெண், இரண்டு ஆண். 1733-ஆம் ஆண்டு ஒரு மகளும், இரண்டு வயது நிரம்பியிருந்த இளைய மகனும் இறந்தார்கள். பத்தாவது குழந்தைக்குப் பின் அரசர் அந்த அறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்கு முன்பே அவருக்கு ஆசைநாயகி இருந்தார். நெல் என்னும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள் ஒருவர்பின் ஒருவராக அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவரும் இளையவரும் அரசியாரின் தோழிப்பெண்களாகவும் பதவி வகித்தனர் என்பதுதான் கொடுமை. காலையில் ஆடை எடுத்துக் கொடுக்கும் கை யாருடையது என்பது அரசியாருக்குத் தெரியும். சூழ நிற்பவர் அனைவருக்கும் தெரியும். 1739 முதல் அரசர் பாஸ்கு கடமையை நிறைவேற்றுவதும் நின்றது.

1744 ஆகஸ்டில் போர்முனைக்குச் சென்ற அரசர் மெட்ஸ் நகரில் நோயுற்று மரணத் தறுவாயில் கிடந்தார். அரசரின் தலைமை ஆன்ம குருவாகிய சுவாசோன் ஆயர், உடனிருந்த ஷாத்தோரூ சீமாட்டியை அனுப்பினாலன்றி அவஸ்தைப்பூசுதல் இல்லை என்று உறுதியாக நின்றார். சீமாட்டி அனுப்பப்பட்டார். செய்தி கேட்டு அரசியார் இரவும் பகலும் வண்டியில் விரைந்து வந்தார். அரசர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நாடெங்கும் மணியோசையும் நன்றிப் பாடலுமாயிருந்தது. அரசர் பிழைத்தார். பிழைத்தபின் நடந்தது என்ன? ஆயர் தம் மறைமாவட்டத்துக்கே அனுப்பப்பட்டார். சீமாட்டி திரும்ப அழைக்கப்பட்டார். அழைப்பு வந்த சில நாள்களில், டிசம்பரில், அந்தப் பெண் இறந்தது வேறு கதை. மறு ஆண்டே பொம்பதூர் சீமாட்டி வந்துவிட்டார். 1756-இல் அவரும் அரசியாரின் தோழிப்பெண்ணாக நியமிக்கப்பட்டார். அரசியார் மறுக்கவில்லை.

இவ்விடத்தில் நம் பங்கு வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த ஊர் என்பது வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நம் அறைவீட்டுக்கு வந்தாள். கணவன் வேறொருத்தியோடு வாழ்கிறான். வாரம் ஒருநாள் வீட்டுக்கு வருகிறான். வரும் நாளில் அடிக்கிறான். குருமடத்தில் கற்றதை நாம் சொன்னோம்: "பொறுமையாயிரு அம்மா, செபம் பண்ணு, ஆண்டவர் அவன் மனத்தைத் திருப்புவார்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை நாளைக்குச் சாமி?" என்று மட்டும் கேட்டாள். நாம் ஏதோ சொன்னோம். என்ன சொன்னோம் என்பது இன்று நினைவில் இல்லை. அவளுடைய கேள்வி நினைவிருக்கிறது. அந்தப் பளபளக்கும் படுக்கையறையின் கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றபோது அது மறுபடியும் காதில் விழுந்தது.

ஏனென்றால் இந்த அரசியாரைப் பொறுமையின் சிகரமாகப் புகழ்ந்து எழுதுவது எளிது. எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஃபோன்தெவ்ரோவை என்ன செய்வது?

1738-இல் ஃபுளோரி கர்தினால், அரண்மனையில் இத்தனை இளவரசிகளை வளர்ப்பது பெருஞ்செலவு என்று கணக்கிட்டு, இளைய பெண்களை ஃபோன்தெவ்ரோ மடத்துக்கு அனுப்பச் செய்தார். பாரிசிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர், லுவார் நதிப் பக்கம். விக்தோரியாவுக்கு வயது 5, சோபிக்கு 3, தெரேசாவுக்கு 2, லூயிசாவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. ஆறு வயது அதெலாயிதும் அனுப்பப்பட வேண்டியவளே. அவள் தந்தையின் முன் போய் அழுது நின்றதால் விடப்பட்டாள் என்று சொல்வார்கள். சிறுமியின் கண்ணீருக்கு இறங்கிய அரசர், தாய் கேட்டிருந்தால் இறங்கியிருக்க மாட்டாரா? பத்தாண்டு, பன்னிரண்டாண்டு அந்தப் பிள்ளைகளைத் தாய் போய்ப் பார்க்கவில்லை; தந்தையும் பார்க்கவில்லை. தெரேசா அங்கேயே 1744 செப்டம்பர் 28-ஆம் நாள், எட்டு வயதில் இறந்தாள். மெட்ஸ் நகரில் அரசர் மன்னிப்புக் கேட்டு ஆறு வாரமே ஆகியிருந்தது.

1747-இல் அரசர் நத்தியே என்னும் ஓவியரை மடத்துக்கு அனுப்பி, எஞ்சிய மூன்று பெண்களின் படங்களை வரைவித்து, அரசியாருக்குத் தெரியாமல் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்தார். வளர்ந்துவிட்ட தன் மக்களின் முகத்தைத் தாய் முதலில் கண்டது திரைச்சீலையில்தான். விக்தோரியா 1748-இல் திரும்பினாள். சோபியும் லூயிசாவும் 1750-இல். அப்போது லூயிசாவுக்கு வயது 13.

அரசியார் வாய் திறக்காதது பொறுமையா, பயமா? ஆதரவற்ற அந்நியப் பெண், அதிகாரமில்லாத அரசி, கர்தினாலோ சர்வ வல்லமையுள்ள மந்திரி, இவையெல்லாம் மெய்யே. ஆனாலும் அங்கே மௌனத்துக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்லர். நாமும் பொறுமை என்ற சொல்லை முன்போல் அவ்வளவு விரைவாகச் சொல்வதில்லை. யாரேனும் அப்படி வந்தால், முதலில் பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறோம்.

அடுத்த அறைகளில் கூட்டம் சற்றுக் குறைந்தது. அரசரும் அரசியும் ஊரார் பார்க்க உணவருந்தும் முன்கூடம் ஒன்று உண்டு. 1764-ஆம் ஆண்டுப் புத்தாண்டு இரவில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓர் இசைக்குடும்பம் அரச விருந்தைக் காண உள்ளே விடப்பட்டது. எட்டு வயது நிரம்பாத பையன் அரசியாரின் அருகே நிற்க, அவர் தம் தட்டிலிருந்து தின்பண்டம் எடுத்துக் கொடுத்து ஜெர்மன் மொழியில் பேசினார். பையன் சொன்னதை அரசருக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தும் சொன்னார். அப்பையன் மொத்சார்ட். அந்த மேசையில் அவனோடு அவன் மொழியில் பேசக்கூடியவர், நாடோடியாய் வளர்ந்த அந்த அரசி ஒருவரே.

வெளிநாட்டு மருமகளைப்பற்றி இன்னொன்று. 1747-இல் மகன் மணந்த சாக்சனி நாட்டு மரியா யோசேபா, ஸ்தனிஸ்லாசைப் போலந்து அரியணையிலிருந்து விரட்டிய அரசரின் பேத்தி! மணமாகி மூன்றாம் நாள் மணப்பெண் தன் தந்தையின் உருவப்படத்தைக் கைவளையில் அணிய வேண்டும் என்பது வழக்கம். பகைவர் வீட்டுப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று மாமியார் தயங்க, மருமகள் கையை நீட்டினாளாம். வளையில் இருந்தது ஸ்தனிஸ்லாசின் முகம். அன்றிலிருந்து இருவரும் தாயும் மகளும்போல் இருந்தார்கள். நம் வீட்டு மாமியார் மருமகள்களுக்குச் சொல்லலாம் என்று குறித்து வைத்துக்கொண்டோம்.

அரசியாரின் நாள்கள் எப்படிக் கழிந்தன என்பது அவருடைய நண்பர் லூயின் கோமகனின் நாட்குறிப்புகளால் நமக்குத் தெரிகிறது. காலையில் செபமும் திருப்பலியும். பிறகு வாசிப்பு, தையல், ஓவியம். மாலையில் லூயின் சீமாட்டியின் அறையில் சிறு குழுவாக உணவு. காவஞோல் என்னும் சூதாட்டத்தில் அவருக்கு ஆசை அதிகம். தோற்றுக் கடன்பட்டதும் உண்டு. புனிதையாக்கிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். ஏழைகளுக்குக் கொடுப்பதற்கோ கணக்கில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் கடைசிவரை போலந்து நாட்டு இயேசு சபைக் குரு ஒருவரையே வைத்துக்கொண்டார். நாற்பது ஆண்டு பிரெஞ்சு பேசிய பின்னும் பாவத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல வந்தது போலும். பாரிசில் புதுச்சேரி நண்பரின் வீட்டிலும் இரவுச் செபம் தமிழில்தான் நடக்கிறது.

1761-இல் அவர் தம் ஓவிய ஆசிரியர்களோடு சேர்ந்து ஓர் அறை முழுவதற்கும் சீன நாட்டுக் காட்சிகளைத் தீட்டினார். அவற்றுள் ஒன்றில் இயேசு சபைக் குருக்கள் சீனருக்கு மறை போதிக்கிறார்கள். இறக்கும்போது அவற்றைத் தோழி ஒருவருக்கு எழுதி வைத்தார். அவை 2018-இல்தான் அரண்மனைக்குத் திரும்பி வந்தன. அந்தக் குருக்களின் சபையையே 1764 நவம்பரில் அவருடைய கணவர் கையொப்பமிட்டுப் பிரான்சில் ஒழித்தார். அரசியாரும் மகனும் எதிர்த்தும் பயனில்லை. அதன் அலை நம் கடற்கரைக்கும் வந்தது. புதுச்சேரியிலிருந்து தமிழ் நாட்டில் உழைத்த கர்நாடக மிஷனின் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களுக்குப் பின்துணை அற்றுப்போயிற்று; 1773-இல் உலகெங்கும் சபை கலைக்கப்பட்டு, 1776-இல் அவர்களுடைய பணித்தளங்கள் பாரிஸ் வேத போதக சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டன.

ஒரு காரியத்தில் மட்டும் அவருடைய சொல் ஏறியது. 1765-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிளமெந்து, போலந்து ஆயர்களின் மன்றாட்டுக்கிணங்கி இயேசுவின் திரு இருதயத் திருநாளை அங்கே கொண்டாட அனுமதித்தார். தம் தாய்நாடு பெற்றதைப் புகுந்த நாடும் பெற வேண்டுமென்று அரசியார் பிரெஞ்சு ஆயர் பேரவையை வேண்டினார். அவ்வாண்டு ஜூலையில் ஆயர்கள் இசைந்தார்கள். 1856-இல் அது திருச்சபை முழுவதற்கும் திருநாளாயிற்று. உங்கள் வீட்டு முன்கூடத்தில் விளக்கெரியும் அந்தப் படத்தின் வரலாற்றில் இந்த அம்மையாருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

அதே ஆண்டு இறுதியிலிருந்து சாவுகள் தொடர்ந்தன. 1765 டிசம்பர் 20-இல் ஒரே மகன். 1766 பிப்ரவரியில் தந்தை. கணப்பு நெருப்பு ஆடையில் பற்றிக்கொண்டதில் அவர் லூனேவில் நகரில் இறந்தார்; அந்த அங்கி மகள் அனுப்பிய பரிசு என்பார்கள். 1767 மார்ச்சில் அன்பு மருமகள். பெற்ற பத்தில் ஆறு போய், எஞ்சியவர் நான்கு பெண்கள். அவர்களில் மூவர் ஃபோன்தெவ்ரோவில் வளர்ந்தவர்கள். அரசியார் 1768 ஜூன் 24-ஆம் நாள், 65 வயது நிறைந்த மறுநாள், நாம் நின்ற அந்த அறையிலேயே கண்மூடினார்.

திங்கட்கிழமை நாம் பார்த்த மடம் அவருடைய கடைசி ஆசை. அரண்மனைப் பணியாளரின் பெண் மக்கள் படிப்பதற்காகத் தொடங்கியது. அவருக்குப் பின் மகள்கள் 1772-இல் முடித்தார்கள். அதற்கு அரசர் கொடுத்த நிலம் கிளாஞி தோட்டத்தைச் சேர்ந்தது. முந்திய அரசர் தம் ஆசைநாயகிக்கு மாளிகை கட்டிக் கொடுத்திருந்த தோட்டம் அது! அந்த மாளிகை இடிக்கப்பட்டு, மடம் எழுந்தது. புரட்சிக்குப் பின் மடமும் போய்ப் பள்ளிக்கூடம் நிற்கிறது.

அரசியாரின் இதயம் பெற்றோரின் கல்லறைக்கருகே நான்சி நகரின் நல்லுதவி மாதா ஆலயத்தில் வைக்கப்பட்டது. அங்கே போக நமக்கு நாள் இருக்கவில்லை. உடல் அடக்கமானது பாரிசுக்கு வடக்கே புனித தியோனீசியார் பேராலயத்தில். பயணத்தின் கடைசி நாளில் அங்கே சென்றோம். 1793 அக்டோபரில் புரட்சிக்காரர் அரச கல்லறைகளையெல்லாம் தோண்டி எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள்; 1817-இல் அவருடைய பேரன் பதினெட்டாம் லூயி அவற்றை வாரியெடுத்துக் கீழ்க்கோவிலில் ஒன்றாக அடைத்து வைத்தார். எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. பிரமாணிக்கமற்ற கணவரும் பொறுத்த மனைவியும் இப்போது பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கிடக்கிறார்கள்.

அருகிலேயே பழைய கார்மேல் மடம் இருக்கிறது. இன்று அது நகர அருங்காட்சியகம். ஒரு வயது நிரம்புமுன் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட லூயிசா, 1770 ஏப்ரலில், தம் 32-ஆம் வயதில் தாமே அரண்மனையை விட்டு இந்த மடத்துக்கு வந்தார். தந்தையின் ஆன்மாவுக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அரசர் 1774 மே 10-ஆம் நாள் அம்மை நோயில் இறந்தார். அதற்கு முன் அப்போதைய ஆசைநாயகியை அனுப்பிவிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கினார். அரசியார் இறந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கீழ்க்கோவிலின் குளிரில் நண்பரும் நாமும் முழந்தாளிட்டு, அவர்களுக்காகவும், ஃபோன்தெவ்ரோவில் இறந்த எட்டு வயதுச் சிறுமிக்காகவும், முன்னொரு நாள் நம் அறைவீட்டுக்கு வந்து கேள்வி கேட்டுப் போன அந்தத் தாய்க்காகவும் ஒரு பரலோக மந்திரமும் அருள் நிறைந்த மரியேயும் சொன்னோம். காவலர் வந்து மூடும் நேரமாயிற்று என்று சைகை காட்டினார். எழுந்து ரயிலுக்கு நடந்தோம்.